ஏழு மைல் ஓடைக்குச் சொன்ன வழி

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் கொயோட்டி என்கிற புல்வெளி நரியை வேட்டையாட எங்கே போகிறீர்கள் என்று கேட்பது, அவர் சட்டைப் பைக்குள் கையை விடுவது மாதிரி. பதில் வரும். அது பொய்யாக இருக்கும். கேட்டவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பொய்க்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான் உண்டு: அடுத்தவன் நிலத்தைக் காட்டிச் சொல்லக் கூடாது. கூட்டம் போய் அவன் வேலிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்தால் அதற்கு யார் பதில் சொல்வது? பொய் சொல்வதானால் சொந்த மேய்ச்சலைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

அந்த ஜனவரியில் ஹார்லன் ஓஸ்பி சொன்ன பொய் இந்தக் கட்டுப்பாட்டை மீறாததுதான். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கிழக்கு மொன்டானாவில் தபால் வண்டி ஓட்டுகிறேன். ஒரு சுற்று நூற்றுப் பத்து மைல். பாதியில் லவோனின் கடையில் சாப்பாடு. ஹார்லனும் அந்த நேரத்துக்கு வருவார். அறுபத்து மூன்று வயது. அறுநூற்று நாற்பது பெட்டை ஆடுகள். அவரும் அவர் மனைவி மார்வாவும் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள்.

அன்று கோல்ட்டன் என்கிற இளைஞன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தான். நகரத்தில் ஏ.சி. ரிப்பேர் வேலையாம்.

"சார், உங்களைத்தான் எல்லாரும் கை காட்டுறாங்க. நான் எங்க போனாலும் எனக்கு முன்னாடி நாலு வண்டி நிக்குது. முயல் மாதிரி ஊதினா ஒரு கொயோட்டிகூட வர மாட்டேங்குது. கூட்டம் இல்லாத இடமா ஒண்ணு சொல்லுங்களேன்."

லவோன் காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "தம்பி, இவர் உண்மை பேசுறது ரெண்டு இடத்துலதான். ஒண்ணு சர்ச்சு, இன்னொண்ணு வரி ஆபீசு. வரி ஆபீசுல எனக்குக் கொஞ்சம் சந்தேகம்."

"நீ போடுற காபி மாதிரியா? அதுல காபி இருக்கான்னு ஊருக்கே சந்தேகம்," என்றார் ஹார்லன். பிறகு பையன் பக்கம் திரும்பினார். "ஏழு மைல் ஓடை தெரியுமா? தெக்கால, பழைய பள்ளிக்கூடம் தாண்டி. அரசாங்க நிலம்தான், புல்லு மட்டும்தான் என் குத்தகை. யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது."

கோல்ட்டன் போனில் வரைபடத்தைத் திறந்து நீட்டினான். ஹார்லன் கண்ணாடியை மாட்டி, குனிந்து, தடித்த விரலை ஓர் இடத்தில் வைத்தார். அங்கே ஒரு சிவப்புப் புள்ளி முளைத்தது.

"மேட்டுக்கு இந்தப் பக்கம் உக்காரு. காத்து உன் முகத்துல அடிக்கணும். பதினஞ்சு நிமிஷத்துல வரலைன்னா எந்திரிச்சிரு."

பையன் இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டுப் போனான். "அந்த மூஞ்சியைப் பார்த்தும் பொய் சொல்ல உனக்கு மனசு வந்துச்சே," என்றாள் லவோன்.

"அங்க நாலஞ்சு நரி இருக்கத்தான் செய்யுது. முழுப் பொய்யில்ல."

அவர் காத்துக்கொண்ட இடம் வடக்கே இருக்கும் காகக் குன்று. அவருடைய ஆடுகள் மே மாதம் குட்டி போடுவது அங்கேதான். குட்டி விழுகிற நேரம்தான் கொயோட்டியும் தன் குட்டிகளுக்கு இரை தேடும். எல்லாக் கொயோட்டியும் ஆட்டுக்குட்டியைத் தொடாது. ஏதாவது ஒரு ஜோடி பழகிவிடும். அந்த ஜோடியை மட்டும் முயல் அலறுவது போல ஊதி வரவழைத்துச் சுட வேண்டும். அது வர வேண்டுமென்றால் அதற்கு முன்னால் அந்த ஓசையில் ஏமாந்திருக்கக் கூடாது. ஒரு முறை முயல் கத்தி, போய்ப் பார்த்தால் மனிதன், காதோரம் தோட்டா என்று தப்பித்த கொயோட்டி மறுபடி வருவதில்லை. அது தன் ஜோடிக்கும் குட்டிக்கும் அதைப் பழக்கிவிடுகிறது. ஆகவே குளிர்காலம் முழுக்க ஹார்லன் காகக் குன்றில் வாயில் ஊதலை வைக்க மாட்டார். மற்றவர்களும் வைக்காமல் பார்த்துக்கொள்வார். தெற்கு நிலம் இலையுதிர் காலத்து மேய்ச்சலுக்கு மட்டும். அங்கே யார் என்ன ஊதினால் என்ன?

அந்தக் குளிர்காலத்தில் பனி விழவில்லை. வழக்கமாக டிசம்பரிலேயே மூடிவிடுகிற மண் பாதைகள் பிப்ரவரியிலும் கெட்டியாகக் கிடந்தன. எந்த வண்டியும் எங்கேயும் போகலாம். ஏழு மைல் ஓடைத் திருப்பத்தில் முதல் சனிக்கிழமை மூன்று வண்டிகளைப் பார்த்தேன். அடுத்த வாரம் பதினொன்று. அதற்கடுத்த வாரம் பக்கத்து மாநிலத்து நம்பர் பலகைகள். மாத முடிவில் நகரத்து மதுக்கடை ஒன்று வேட்டைப் போட்டி வைத்தது. அன்று இருபத்தாறு வண்டிகள். நாற்பது வகை அலறல் அடங்கிய ஒலிபெருக்கிகளைப் புதர்களுக்குள் வைத்து, பொத்தானைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். காலையிலிருந்து மாலை வரை அந்த ஓடை நெடுக முயல் கத்தியது, மான்குட்டி கத்தியது, சிட்டுக்குருவி கத்தியது. அன்று மொத்தம் ஐந்து கொயோட்டிகள் விழுந்ததாகக் கேள்வி. சுட்ட சத்தமோ அன்று நாளெல்லாம் கேட்டது.

ஹார்லனிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் லவோன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் தெக்க. வடக்க ஒரு குருவிகூடப் பயந்து பறக்கல. அந்தப் பையனுக்கு நான் ஒரு துண்டு கேக்கு வாங்கித் தரணும்."

மார்ச் இறுதியில் மார்வா என் வண்டியை நிறுத்தினாள். தபால் வாங்க வந்தவள், கையில் வாங்கிய கடிதங்களைப் பார்க்கவே இல்லை.

"காகக் குன்று குட்டையைப் போய்ப் பார்த்தியா? நடுவுல ஒரு கட்டில் அளவுக்குச் சேறு. அவ்வளவுதான். இருபது வருஷத்துல அது காஞ்சதே இல்ல."

பனி உருகித்தான் அந்தக் குட்டை நிறையும். உருக எதுவும் இல்லை. பால் கொடுக்கிற ஆட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது. அறுநூற்று நாற்பது ஆட்டுக்கு லாரியில் கொண்டுபோய் ஊற்றுவதும் நடக்கிற காரியமல்ல. அன்று மாலை அவர்கள் வீட்டுச் சமையலறையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"ஏழு மைல் ஓடையில ஊத்துத் தண்ணி ஓடுது," என்றாள் மார்வா.

ஹார்லன் உப்புக் குப்பியை நகர்த்தி வைத்தார். திரும்ப எடுத்து முன்பிருந்த இடத்திலேயே வைத்தார்.

"தெரியும்."

"வேற எங்க போறது?"

"எங்கயும் இல்ல."

ஏப்ரல் இருபதாம் தேதி மந்தை தெற்கே போனது. மே மூன்றாம் தேதி முதல் குட்டிகள் விழுந்தன. ஐந்தாம் தேதி காலை இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. கழுத்தில் நான்கு சிறு துளைகள். வயிறு கிழிந்திருந்தது, உள்ளே திரைந்திருந்த பாலை மட்டும் கொயோட்டி தின்றிருந்தது. ஆறாம் தேதி நான்கு. ஏழாம் தேதி மூன்று. காவலுக்கு இருந்த இரண்டு வெள்ளை நாய்களில் ஒன்றுக்கு வயதாகிவிட்டது. மற்றது ஒரு கொயோட்டியைக் குரைத்துத் துரத்தும்போது அதன் ஜோடி மறுபக்கம் வந்துபோனது.

மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து அரசாங்க வேட்டைக்காரர் ஒருவர்தான். விமானத்திலிருந்து சுடுவார். அவரும் நல்ல மனிதர்தான், தினமும் போனில் பேசினார். "காத்து அடங்கட்டும் ஹார்லன், அடங்கின அன்னைக்கே வந்துடறேன்." காற்று அடங்கவில்லை. வேலிக்கு அடியில் வைத்த கண்ணியில் மண்ணில் வளை தோண்டுகிற சின்ன வளைக்கரடி ஒன்றுதான் சிக்கியது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் நான் அவரோடு மேட்டில் உட்கார்ந்தேன். கோல்ட்டனுக்கு அவர் விரல் வைத்துக் காட்டிய அதே மேடு. கால்மாட்டில் தோட்டாக் கூடுகள் காசு சிதறியது போலக் கிடந்தன. காற்று முகத்தில் அடித்தது. ஹார்லன் ஊதினார். நாற்பது வருடமாக அவர் ஊதுவதைக் கேட்டிருக்கிறேன். நிஜ முயல் என்றே தோன்றும். இரண்டு நிமிடம் ஊதினார், நிறுத்தினார், மறுபடி ஊதினார்.

எழுநூறு கஜத்துக்கு அப்பால், துப்பாக்கி எட்டாத தூரத்தில், ஒரு பெட்டைக் கொயோட்டி புதருக்கு வெளியே வந்தது. தொலைநோக்கியில் பார்த்தேன், பால் சுரந்து மடி தொங்கியது. எங்கள் பக்கம் பார்த்து உட்கார்ந்தது. ஹார்லன் குரலைத் தாழ்த்தி, சாகப்போகிற முயலாக முனகினார். அது பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டது. பிறகு எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, அவசரமே இல்லாமல் நடந்து போனது. கொயோட்டிக் குட்டி அலறுவது போல ஊதினார். குட்டி வைத்திருக்கிற எந்தத் தாயும் அதற்கு ஓடிவரும். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேலை நேரம் முடிஞ்சு வீட்டுக்குப் போற கிளார்க்கு மாதிரி போறா பாரு," என்றார் ஹார்லன். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

அன்று அவர் கோல்ட்டனுக்குப் போன் செய்தார். அவன் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்தான். ஒலிபெருக்கியை வைத்தான், நாற்பது அலறலையும் போட்டுப் பார்த்தான். எதுவும் வரவில்லை. இறங்கி வரும்போது வழியில் செத்துக் கிடந்த இரண்டு ஆட்டுக்குட்டிகளை அவனே தூக்கிவந்து, புதைக்க வெட்டியிருந்த குழிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சார், இந்த இடத்தை நாங்க ஊதித் தீர்த்துட்டோம்."

"நாங்கன்னா எத்தனை பேருப்பா?"

"என் குரூப்புல முப்பத்தெட்டு பேரு. அந்தப் புள்ளியை அப்படியே அனுப்பினேன். அவங்க வேற குரூப்புக்கு அனுப்பியிருப்பாங்க. ஹார்லன் ஓஸ்பியே கை வச்சுக் காட்டின இடம்னு பெருமையா போட்டேன் சார்."

ஹார்லன் குனிந்து குட்டிகளைக் குழிக்குள் இறக்கினார்.

"உங்க ஆடு இங்கதான் குட்டி போடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒருத்தனும் கால் வச்சிருக்க மாட்டான்."

"எனக்கே தெரியாதே, தம்பி."

பையன் மண்வெட்டியை எடுத்தான். மார்வா அவனுக்கு ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்தாள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரத்துக்குள் செத்தவை நாற்பத்தேழு. அந்த வருடத்துக் குட்டிகள்தான் அவர்களுக்கு அந்த வருடம். இலையுதிர் காலத்தில் விற்க வேறெதுவும் கிடையாது. அவர்கள் முறைபோட்டு வண்டியிலேயே தூங்கினார்கள். விளக்கு கட்டினார்கள், ரேடியோவைக் கத்தவிட்டார்கள். இரண்டு நாள் கொயோட்டிகள் தள்ளி இருந்தன. மூன்றாம் நாள் ரேடியோவில் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருக்க, அதற்கு இருபது அடி தள்ளி ஒரு குட்டி செத்துக் கிடந்தது. நாளையும் காற்று என்றது அறிக்கை.

தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் காகக் குன்றிலேயே விட்டுவந்திருந்தார்கள். அதை எடுத்துவர ஹார்லன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வண்டியை நிறுத்தி இறங்கினோம். சக்கரத் தடம் இல்லை, காலடி இல்லை, ஒரு குப்பித் துண்டுகூட இல்லை. போன வருடத்துப் புல் முழங்கால் உயரம். ஓர் ஆடு இல்லை.

ஹார்லன் சட்டைப் பையிலிருந்து ஊதலை எடுத்துப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லு. கோளாறு இதுலயா, எங்கிட்டயா?"

"இப்ப அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப்போறே?"

"தெரிஞ்சுக்கணும்யா."

துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். தொட்டிக்குப் பின்னால் மண்டியிட்டோம். காற்று முகத்தில் அடித்தது. ஊதினார்.

முழுசாக மூன்று நிமிடம் ஆகவில்லை. குன்றின் சரிவிலிருந்து ஒரு கொயோட்டி நேராக ஓடி வந்தது. வளைந்து மோப்பம் பிடிக்கவில்லை, நின்று யோசிக்கவில்லை. வாய் திறந்திருந்தது, நாக்கு ஆடியது. பதினைந்து கஜத்தில் நின்று, முயல் எங்கே என்று இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்தது. இளம் ஆண். அதன் மூக்கின் ஈரம் எனக்குத் தெரிந்தது.

துப்பாக்கி அவர் தோளில் இருந்தது. பாதுகாப்புப் பொத்தான் தள்ளப்படும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அதைத் திரும்பப் பூட்டும் சத்தமும் கேட்டது. இங்கிருந்து ஏழு மைல் ஓடை பதினெட்டு மைல். இந்தக் கொயோட்டி அந்தப் பக்கம் போனதே இல்லை. இதைச் சுடுவதால் அங்கே ஒரு ஆட்டுக்குட்டிகூடப் பிழைக்கப்போவதில்லை.

கொயோட்டி இன்னும் இரண்டு அடி கிட்டே வந்தது. ஹார்லன் எழுந்து நின்றார். அது துள்ளித் திரும்பி ஓடியது. பாதி தூரத்தில் நின்று ஒருமுறை எங்களைப் பார்த்தது.

"இதுவும் கத்துக்கிச்சு," என்றார்.

ஊதலைப் பையில் போட்டுக்கொண்டார். தொட்டியின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். வண்டியில் ஏற்றும்போது அவர் கை நழுவித் தகரம் பெரிதாக அதிர்ந்தது. அந்த ஓசை குன்று வரை போய்த் திரும்பியது.

"சீக்கிரம் கட்டு. மார்வா அங்க தனியா இருக்கா," என்றார்.