புகைக்குழாயில் மைனா

தம்பி வீட்டுக் குளியலறைச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாய்க்குள் மைனா முதல் வைக்கோலைச் செருகிய அன்று பிளம்பருக்கு வாயெல்லாம் பல். குறுகிய சந்துக்கு அந்தப்புறம், தன் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, ஓசியில் ஒரு நாடகம்.

"ஊர்ல எவ்வளவு இடம் கிடக்கு, அங்க போய்க் கட்டுது பாரு! மகராசியா இரு," என்று மைனாவை வாழ்த்தினார்.

அந்தக் குழாயைப் பொருத்தியதே அவர்தான். தம்பி கேஸ் கீசர் வாங்கியபோது தானாகவே போய் மாட்டிக்கொடுத்தார். கடைசியாகக் குழாயின் வாயில் பறவை புகாதபடி கம்பிவலை மூடி போட வேண்டும். ஏணியில் நின்றபோது, கீழே தம்பி தன் மனைவியிடம், "எதுக்கும் வெளி ஆளை வெச்சு ஒரு தடவை சரிபார்த்துடலாம்," என்றது காதில் விழுந்தது. பிளம்பருக்குச் சுருக்கென்றது. மூடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். வெளி ஆள் வரவும் இல்லை; அண்ணன் தம்பி பேச்சும் அன்றோடு நின்றது.

வெயில் காலம். கீசரை யாரும் தொடவில்லை. மைனா ஜோடி பஞ்சு, நூல், பாலிதீன் கிழிசல் என்று கண்டதையும் கொண்டுவந்து அடைத்தது.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன். புகை வெளிய போகாம உள்ள திரும்பினா ஆளையே சாய்ச்சிடும்னு நீங்கதானே சொல்வீங்க," என்றாள் பிளம்பரின் மனைவி.

"அதான் சரிபார்க்க ஆள் வரப்போறானே. அவன் பிடுங்கட்டும்."

சொல்லும்போதே அவருக்கு இனித்தது. கீசர் மக்கர் பண்ண வேண்டும், தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். அதற்கு மேல் யோசிக்க அவருடைய வீம்பு விடவில்லை.

மழை கொட்டிய ஒரு காலையில், பல் தேய்த்தபடி ஜன்னல் வழியே பார்த்தார். மைனாக்கள் இரண்டும் குழாய்க்கு வெளியே கத்திக்கொண்டு பறந்தன. எதிர்க் குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தம்பி மகள் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு பாதியில் நின்றது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

பிரஷைப் போட்டுவிட்டு ஓடினார். தம்பி வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கினார். "கீசரை அணைடா! கதவை உடைடா!"

"காலங்காத்தால சண்டைக்கு வந்துட்டியா? போய்யா!" தம்பி ஜன்னலை அறைந்து சாத்தினான்.

பிளம்பர் சுவரேறிக் குதித்து, கையில் கிடைத்த செங்கல்லால் குளியலறை ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். ஓடி வந்த தம்பி அவர் முதுகிலேயே குடைக் கம்பால் போட்டான்.

"அப்புறம் அடிடா! குழாயைக் கூடு அடைச்சிருக்கு, பிள்ளை உள்ள விழுந்து கிடக்கு!"

அதற்குப் பிறகுதான் கதவு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகு அவள் கண் திறந்தாள். டாக்டர் பயமில்லை என்றதும் தம்பி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதான்.

"நீ மட்டும் வரலேன்னா என் பொண்ணு இல்லண்ணே. குழாய்ல கூடு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பிளம்பர் சட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் தட்டினார். அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அது கட்ட ஆரம்பிச்ச நாள்லேருந்தே தெரியும். தினமும் நின்னு பார்த்து ரசிப்பார்."

தம்பி கையை விட்டான். மகளின் கட்டிலுக்கும் அண்ணனுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"வெளிய போ," என்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை.