ரப்பர் மேடம் அழித்த பாறை

கடல் வரைபடத்தில் "சந்தேகம்" என்று ஒரு வார்த்தை இருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. துறைமுக அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலோரம் சாய்வு மேசை போட்டு, படகுகளும் கப்பல்களும் நம்பிப் போகிற வரைபடங்களை வரைவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை. "இங்கே பாறை இருக்கலாம்", "ஆழம் சரியாகத் தெரியவில்லை" என்று பழைய தாள்களில் கிடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள். இருந்தால் அழுத்தி வரைவாள், இல்லையென்றால் அழித்துவிடுவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு ரப்பர் மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை என்றாலும் அவளுக்கு அது தெரியும். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"எனக்குத் தெரியாது" என்று அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. வழி கேட்டாலும் சொல்வாள், மருந்து கேட்டாலும் சொல்வாள். அவள் கணவர்கூட இதைச் சொல்லிச் சிரிப்பார்.

புதிய வரைபடம் வெளியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கரைக்கும் கடல்நாய்த் தீவுக்கும் நடுவே இருந்த நேர்வழி. முன்பெல்லாம் அந்த வழியில் யாரும் போகமாட்டார்கள். நடுவில் எங்கோ ஒரு பாறை இருக்கலாம் என்று பழைய வரைபடத்தின் மூலையில் ஒரு குறிப்பு இருந்தது. அதற்குப் பயந்து எல்லாரும் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சுற்றிப் போனார்கள். போன வருஷம் அளவைப் படகு வந்தபோது, அந்தக் குறிப்பில் இருந்த திசையையும் தூரத்தையும் கணக்குப் போட்டு, "இங்கே தேடுங்கள்" என்று அவள்தான் புள்ளி வைத்துக் கொடுத்தாள். அவர்கள் அங்கே மூன்று நாள் சல்லடை போட்டுச் சலித்தார்கள். நாற்பது மீட்டர் ஆழம், பாறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மற்ற இடங்களில் அரைக் கிலோமீட்டருக்கு ஒரு கோடாக ஓடி அளந்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் குறிப்பை அழித்தாள். நேர்வழி பளிச்சென்று ஆனது.

அன்று காலை அவள் கணவர் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எந்த வழியில் போகலாம் என்று கேட்டார். அவர் வனவிலங்குத் துறையின் படகோட்டி. வருஷத்தில் கடல் மிகவும் வற்றுகிற அந்த ஒரு நாளில், கடல்நாய்கள் கூட்டமாகப் பாறைகளில் ஏறிப் படுக்கும்போது, தலை எண்ணுவதற்கு ஒரு குழுவைத் தீவுக்குக் கூட்டிப்போக வேண்டும். பத்துப் பேர்.

"பழக்கம் சுத்துவழிதான். ஆனா அங்க போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணி ஏறிடுது, பாதி கடல்நாய் இறங்கிடுது."

"நேர்வழியில போங்க. நான் வரைஞ்சது. என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உன்மேல இல்லாத நம்பிக்கையா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்தே முக்கால் மணிக்கு அவள் மேசையில் இருந்தது வரைபடம் அல்ல, ஒரு நாட்குறிப்பின் நகல். தலைமை அலுவலர் அவளிடம் புதிதாக ஒரு வேலையைத் தள்ளிவிட்டிருந்தார்: இந்தக் கரையைக் கண்டறிந்த வரலாற்றை எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு புத்தகமாக எழுத வேண்டுமாம், புதிய வரைபடத்தோடு சேர்த்துக் கொடுக்க. தலைக்கு மேல் வேலை இருக்கிறவளைத்தான் தேடிப் பிடிப்பார்.

ஆனால் படிக்கப் படிக்க அவளுக்குப் பிடித்துப்போனது. நூற்று நாற்பத்திரண்டு வருஷங்களுக்கு முன்னால் பாய்மரக் கப்பலில் வந்த ஒரு கேப்டன்தான், வடக்கே நாரைகள் மேயும் ஆற்றுமுகச் சேற்றிலிருந்து தெற்கே கடற்பறவைகள் கூடு கட்டும் செங்குத்துப் பாறைகள்வரை, இந்தக் கரை முழுவதையும் முதலில் அளந்தவர். பெயர் வைப்பதில் மனிதர் ரொம்ப யோசிக்கவில்லை. பல் வலித்த இடம் பல்வலி முனை. ஆறு என்று நம்பி உள்ளே போய் மணலில் முட்டிக்கொண்ட இடம் ஏமாற்று வளைகுடா. ரொட்டி தீர்ந்துபோன இடம் பட்டினித் துறை. அவள் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"இன்று வானம் தெளிவு. சூரியனை வைத்துத் திசைகாட்டியைச் சோதித்தேன். ஊசி உண்மையான வடக்கிலிருந்து பதினான்கு பாகை மேற்கே ஒதுங்கி நிற்கிறது."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

திசைகாட்டி ஊசி சரியாக வடக்கைக் காட்டாது, கொஞ்சம் ஒதுங்கியே நிற்கும். அந்த ஒதுக்கமும் வருஷத்துக்கு வருஷம் மாறும். வரைபடம் போடுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. இன்றைக்கு இந்தக் கடலில் அது இரண்டே பாகை. எல்லா வரைபடத்திலும் அச்சடித்திருக்கும் அந்த இரண்டு, கை தானாகவே எழுதும் எண். பழைய வரைபடத்தில் இந்தக் கேப்டன் விட்டுப்போன பாறைக் குறிப்பு இப்படி இருந்தது: "பல்வலி முனையிலிருந்து திசைகாட்டியில் நாற்பது பாகை, இரண்டு கடல்மைல். நீர் நன்றாக வற்றியபோது ஏதோ தென்பட்டது. சந்தேகம்." நாற்பதைத் திருத்தியபோது அவள் கழித்தது எத்தனை?

அலமாரியைத் திறந்து போன வருஷத்துக் கணக்குத் தாளை எடுத்தாள். அவள் கையெழுத்துத்தான், அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். கழித்தது இரண்டு. செத்துப்போன கேப்டனின் ஊசிக்கு இன்றைய ஒதுக்கத்தைப் போட்டிருந்தாள்.

பன்னிரண்டு பாகை தவறு. இரண்டு கடல்மைல் தூரத்தில் அது முக்கால் கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாள் அவர்கள் சலித்தது வெறும் தண்ணீரை. பாறை என்று ஒன்று இருந்தால், அது இரண்டு அளவைக் கோடுகளுக்கு நடுவே இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்று வருஷத்திலேயே மிகத் தாழ்ந்த வற்றம், பதினொன்று நாற்பதுக்கு. மணி பத்து ஐம்பத்தெட்டு. 

மாடிப்படியில் அவள் ஓடி அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். கீழே வயர்லெஸ் அறையில் தலைமை அலுவலர் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அவள் விஷயத்தைச் சொல்ல, அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வரைபடத்தில் கீழே இருந்த கையெழுத்து அவருடையது. நல்லவர்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. பாறை இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. அவள் அதைச் சொல்வதற்குள், பாறையைப் பற்றி வாயைத் திறக்காமல் படகை வேறு பக்கமாக ஒதுங்கிப் போகச் சொல்லலாமே என்றார்.

எந்தப் பக்கம்?

அங்கேதான் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வயர்லெஸ்காரர் நீட்டிய தாளில் அவசரமாகப் போட்டுப் பார்த்தாள். பாறை அவள் புள்ளிக்கு மேற்கே வந்தது. மறுபடி போட்டாள், கிழக்கே வந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை செய்த கணக்கு. அவசரத்தில் கூட்ட வேண்டுமா கழிக்க வேண்டுமா என்பதே புரளத் தொடங்கியது. ஒரு தடவை தவறான புள்ளி வைத்தாயிற்று. இப்போது தவறான பக்கம் சொன்னால், சும்மா போகிற படகை அவளே கொண்டுபோய்ப் பாறையில் மோத வைப்பாள். படகில் பத்துப் பேர். பதினோராவது ஆள், காலையில் அவள் பேச்சைக் கேட்டுவிட்டுப் போனவர்.

வயர்லெஸ்காரர் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் பதில் வந்தது. பின்னால் எண்ணிக்கைக் குழுவின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. அவள் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"நீயா? உன் நேர்வழியிலதான். பல்வலி முனை தாண்டி ரெண்டு மைல் இருக்கும். அருமையான வழி."

"ஆழம்?"

"முப்பத்தெட்டு, நாப்பதுன்னு காட்டுது."

அந்தக் கருவி படகுக்கு அடியில் இருப்பதைத்தான் காட்டும். மூக்குக்கு முன்னால் செங்குத்தாக எழும்பி நிற்பதைக் காட்டாது. இது அவருக்கும் தெரியும். ஆனால் வரைபடத்தில் ஒன்றும் இல்லாதபோது அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

தலைமை அலுவலர் அவள் தோளைத் தொட்டு, இது பொது அலைவரிசை, துறைமுகத்திலும் கடலிலும் உள்ள அத்தனை பேரும் கேட்பார்கள், தனி அலைவரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள் என்று கிசுகிசுத்தார். மாற்றச் சொல்லி, அவர் மாற்றி, மறுபடி பிடித்து... அதற்குள் படகு எங்கே போயிருக்கும்? அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"வேகத்தைக் குறைங்க," என்றாள்.

"குறைச்சுதான் போறேன். முன்னால ஏழெட்டுக் கடல்நாய் மிதக்குது. இவங்க கிட்டப் போய் எண்ணணும்கறாங்க. மெதுவா அதுங்க பக்கம்தான் திருப்பியிருக்கேன்."

கடல்நாய் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் பார்வை கீழே இறங்கியது. நாட்குறிப்பை இடது கையில் அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள், விரல் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. ஊசியைச் சோதித்த மறுநாள் கேப்டன் எழுதியிருந்த வரிகள்: "கடலின் நட்டநடுவே கடல்நாய்கள், தலையையும் வாலையும் ஒருசேரத் தூக்கி, தோணிபோல் வளைந்து கிடந்தன. அடியில் ஏதோ இருக்க வேண்டும். நெருங்குவதற்குள் பனி மூடிவிட்டது."

"நல்லா பார்த்துச் சொல்லுங்க. தலை மட்டும் தெரியுதா, வாலும் தெரியுதா?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லுங்க."

அவர் பார்த்துச் சொல்ல நாலைந்து நொடி ஆயிற்று.

"ரெண்டும் தெரியுது. தலையும் வாலும். தோணி மாதிரி வளைஞ்சு..."

"நிறுத்துங்க. இன்ஜினைப் பின்னுக்குப் போடுங்க. அது மிதக்கல, படுத்திருக்கு. அடியில பாறை. நான்தான் அழிச்சேன். இருந்த பாறையை நான் அழிச்சுட்டேன்."

ஒலிபெருக்கியில் இன்ஜின் உறுமியது. ஏதோ உருண்டு விழுந்தது, யாரோ கத்தினார்கள், பிறகு சத்தமே இல்லை. வயர்லெஸ்காரர் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். அந்த அலைவரிசையில் சாதாரணமாக இருபது படகாவது வம்பளந்துகொண்டிருக்கும். இப்போது ஒரு குரல் இல்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதரிடம் பேசிய அத்தனையிலும், "என்மேல நம்பிக்கை இல்லையா" என்ற ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"இருக்கோம்," என்றது குரல்.

அவள் உட்கார இடம் தேடினாள். வயர்லெஸ்காரர் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

"சத்தத்துல கடல்நாய் எல்லாம் குதிச்சுப் போயிடுச்சு. அதுங்க கிடந்த இடத்துல அலை இறங்கறப்போ பாசி தெரியுது. கறுப்பா, படகைவிட நீளம். எங்களுக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு படகு இடம் இருக்கும்." 

எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. தலைமை அலுவலர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாப் படகுகளுக்கும் அனுப்புகிற எச்சரிக்கைப் படிவத்தை எடுத்து வந்தார். இடம், நேரம், ஆபத்து என்று கட்டம் கட்டமாக இருக்கும். "கண்டுபிடித்தவர்" என்ற கட்டத்தில் கணவரின் படகு என்று போட்டுவிடலாம், இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்ததாக இருக்கட்டும், யாருக்கும் கெட்ட பெயர் வராது என்றார். அவள்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதில் பாதி தன்மேலும் இருந்தது.

அவள் பேனாவை வாங்கினாள். அந்தக் கட்டத்தில் கேப்டனின் பெயரையும் நூற்று நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதியையும் எழுதினாள். "வேறு விவரம்" என்ற கட்டத்தில், கணக்கில் பிழை செய்து அதை வரைபடத்திலிருந்து நீக்கியவள் தானே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தலைமை அலுவலர் படித்துப் பார்த்தார். அவருக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போட்டார்.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

"எண்ணிக்கை வேலை இருக்கே, இவங்களைத் தீவுல விடணும். பாறைக்கு எந்தப் பக்கமா போகலாம்? நீ சொல்லு, போறேன்."

அவள் முன்னால் கணக்குத் தாள் இருந்தது. இப்போது கணக்கு புரளவில்லை. பாறை இருக்கும் இடமும் தெரிந்துவிட்டது. கிழக்கே அளவைப் படகு மூன்று நாள் சலித்த நாற்பது மீட்டர் ஆழமும் இருக்கிறது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு வழி வரத்தான் செய்தது. ஆனால் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் இன்னொன்று இல்லை என்று யார் பார்த்தார்கள்? எல்லாப் படகுகளும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தன.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "வந்த தடத்துலயே திரும்பி, சுத்துவழியா போங்க."

ஒலிபெருக்கியில் படகு திரும்புகிற சத்தம் கேட்டது.

"சரிம்மா," என்றார் அவர்.