எட்டாம் காட்டு உதிரிப்பழம்

எனக்குக் கோபம் வந்தால் குரல் தானாக ஏறிவிடும். இதைச் சொல்லும்போதும் ஏறித்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் கோலா பிலாவுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் எங்களுடையது. பிரித்துப் பிரித்து மொத்தம் பன்னிரண்டு காடு. பதினொன்றை, வெளியாள் வைத்து ஒப்பந்த வேலை செய்யும் கொந்திராக்காரனிடம் விட்டுவிட்டு, ஏழாம் காட்டை மட்டும் கம்பெனி ஆட்களான எங்கள் ஒன்பது பேரிடம் வைத்திருந்தார்கள். குலை வெட்டும்போது சிதறுகிற உதிரிப்பழத்தைப் பொறுக்குவது எனக்கும் என் கூட்டாளி பஞ்சாலைக்கும் வேலை. கம்பெனி ஆளாக இருக்கும்வரைதான் கம்பெனி வீடு. மேலே குலை விழுந்து இடுப்பொடிந்த என் வீட்டுக்காரர் ஆறுமுகம் அந்த வீட்டில்தான் மூன்று வருஷமாகப் படுத்திருக்கிறார்.

எங்களை ஏன் மிச்சம் வைத்தார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. காலையில் பெரட்டில் ஆள் எண்ணும்போது எங்களை மேய்க்கிற மண்டோர் குணாளன், நம்ம வேலை சுத்தம், அதனால்தான் நம்மை விடவில்லை என்பார். நாங்களும் அதை நம்பிக்கொண்டு தலை நிமிர்ந்து காட்டுக்குப் போவோம். மடத்தனம்.

சுத்தம் என்று அவர் சொன்னது பொய்யில்லை. கண்ணில் பட்ட பழத்தைத் தாண்டிப் போக எங்களுக்குக் கால் வராது. ஏழாம் காட்டுக்கு எட்டாம் காட்டு ரோட்டோரமாகத்தான் நடக்க வேண்டும். அந்த ஓரத்து நிரைகளில் பழம் கிடந்தால் அதையும் பொறுக்கி, கொந்திரா ஆட்கள் குவியலிலேயே போட்டுவிட்டுப் போவோம். அங்கே பொறுக்குகிறவள் சுமியாத்தி, இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து கொந்திராக்காரன் கொண்டுவந்த பெண். பதிலுக்கு அவள் எல்லைக் கட்டை மேல் எங்களுக்கு ஒரு பாட்டில் கோப்பி வைத்திருப்பாள். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை.

போன மாதம் பெரட்டில் அசிஸ்டன்ட் மேனேஜர் யோகேந்திரன் வந்து நின்றார். ஏழாம் காடும் கொந்திராக்குக்குப் போகிறது, மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யுங்கள் என்றார். எட்டாம் காட்டையும் ஏழாம் காட்டையும் செக் பண்ணினார்களாம், இரண்டும் ஒரே சுத்தமாம்.

நான் விடவில்லை. பின்னாலேயே ஆபீசுக்குப் போனேன்.

"சார், நீங்க செக் பண்றது ரோட்டோர நெரதானே? அத சுத்தம் பண்ணதே நாங்கதான்லா."

அவர் முதலில் நம்பவில்லை. நம்பியபின் சிரித்தார்.

"ஒங்கள யாருக்கா பொறுக்கச் சொன்னா?"

யார் சொல்ல வேண்டும்? பழம் தரையில் கிடக்கிறது, பொறுக்குகிறோம். அவருக்கு அது விளங்கவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். எல்லாக் காட்டையும் கொந்திராக்காரனிடம் கொடுத்தால், மழை, புதர், இதற்கு மேல் முடியாது என்று அவன் சொல்வதைத்தான் கம்பெனி கேட்க வேண்டும். எல்லாவற்றையும் சொந்த ஆளிடம் வைத்தாலும் அதே கதைதான், சொல்பவர்கள் நாங்களாக இருப்போம். அதனால்தான் இரண்டு பக்கமும் வைப்பது.

"ஒங்கள வச்சி அவன அளப்போம், அவன வச்சி ஒங்கள அளப்போம். ரெண்டும் ஒண்ணாயிட்டா நீங்க எதுக்குக்கா? செலவுதான் ஜாஸ்தி."

முப்பத்தோரு வருஷம் குனிந்து பொறுக்கிய இடுப்பு இது. அவருக்கு நான் ஒரு அளவுகோல். முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். ஆறுமுகம் படுத்திருக்கும் கட்டில் நினைவுக்கு வந்தது. துப்பவில்லை. கெஞ்சினேன். இன்னொரு தடவை செக் பண்ணுங்க சார், நாங்கள் அந்தப் பக்கம் கையே வைக்கமாட்டோம் என்றேன். சரி, அடுத்த சுற்று வெட்டு முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

அடுத்த சுற்றில் எட்டாம் காட்டு ஓரம் செக்கச்செவேலென்று கிடந்தது. முதல் நாள் பஞ்சாலை குனிந்தேவிட்டாள். நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நடடி, வீடு போயிரும் என்றேன். பழத்தைத் தாண்டித் தாண்டி நடந்தோம். கட்டை மேல் கோப்பி பாட்டில் இருந்தது. அதையும் தொடவில்லை. மறுநாளும் வைத்திருந்தாள். சனிக்கிழமை செக் பண்ண ஆள் வந்தபோது பழம் அப்படியே கிடந்தது.

திங்கட்கிழமை யோகேந்திரன் பெரட்டுக்கே வந்து, ஏழாம் காடு உங்களுக்குத்தான் என்றார். குணாளன் கை தட்டினார். பாத்தீங்களாக்கா, இதுக்குத்தான் ஒங்கள வச்சிருக்கோம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார் யோகேந்திரன், பாராட்டுகிற மாதிரி. அது பாராட்டு இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

காட்டுக்குப் போகிற வழியில் கொந்திராக்காரனின் லாரி நின்றது. பழத்தை விட்டுவிட்டாள் என்று சுமியாத்தியை வேலையை விட்டு நிறுத்திவிட்டான். பையோடு பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஆள் பொறுக்க வேண்டிய காட்டுக்கு ஒரே ஆளைப் போட்டது அவன், அதைக் கண்டுகொள்ளாமல் விட்டது யோகேந்திரன். தண்டனை மட்டும் அவளுக்கு.

என்னைக் கண்டதும் இறங்கி வந்தாள். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு கத்து கத்தி முடித்திருப்பேன். அவள் மலாயில் மெதுவாகக் கேட்டாள்.

"கோப்பி நல்லா இல்லியாக்கா?"

லாரி போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். பஞ்சாலைதான் இழுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆறுமுகத்திடம், வீடு நமக்குத்தான், யாரும் காலி பண்ணச் சொல்லமாட்டார்கள் என்று சொன்னேன்.

அவர் கட்டிலில் இருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"நல்ல சேதிதானே. அதுக்கு ஏன் கத்துற?"