சூட்சும பிரேக்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நமது பேருந்துப் பணிமனையின் மூத்த டிரைவர், தொண்ணூறு நாட்கள் நாள் தவறாமல் வஜ்ராசனத்தில் அமர்ந்து, மருந்து மாத்திரையை விரலாலும் தீண்டாமல், தம் இரத்த அழுத்தத்தை வென்றுவிட்டார். இம்மகத்தான சாதனையைப் பாராட்டும் விழா வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டயர் கொட்டகையில் நடைபெறும். வராதவர்களுக்கு அரை நாள் விடுப்பு கழிக்கப்படும்.

அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டியவர் கிளை மேலாளர். செய்தியைவிடக் கையொப்பம் பெரிதாக இருந்தது.

சாதனையாளர் பலகையைப் படித்துவிட்டு நாலடி நடந்தார். பின்னாலிருந்து கண்டக்டர் கூப்பிட்டார்.

“அண்ணே, செருப்பு.”

வலது கால் செருப்பு பலகைக்குக் கீழேயே கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. அந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

“புகழ் வந்தா தரையில கால் பாவாதும்பாங்க. உங்களுக்குச் செருப்பே பாவலையே” என்றார் கண்டக்டர். பதினோரு வருடமாக ஒரே வண்டியில் இருப்பவருக்கு இந்த உரிமை உண்டு. டிரைவர் குனிந்து செருப்பைக் கையால் மாட்டிக்கொண்டார்.

மூன்று மாதத்துக்கு முன் வருடாந்திரப் பரிசோதனையில் அவருடைய அழுத்தம் நூற்றெழுபதைத் தாண்டியிருந்தது. பணிமனை டாக்டர் கெடு வைத்தார். குறையாவிட்டால் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி லைட் டூட்டி. அதாவது, பணிமனை வாசலில் நின்றுகொண்டு, ரிவர்ஸில் வரும் வண்டிகளுக்கு “வரலாம், வரலாம்” என்று கைகாட்டுவது. இருபத்து மூன்று வருடம் ஊரையே கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தவருக்கு அது தன்னுடைய இரங்கல் கூட்டத்துக்குத் தானே நாற்காலி போடுவதுபோல் இருந்தது.

ஆகவே பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் வகுப்பு நடத்தும் யோகா மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் தன்னை ஒருமையில் சொல்லிக்கொள்ளும் பழக்கமில்லாதவர். “நாம் வஜ்ராசனத்தில் நாற்பது நிமிடம் இருப்போம்” என்றார். மண்டியிட்டு, குதிகால்களின் மேல் உடம்பின் மொத்த எடையையும் இறக்கி, அசையாமல் உட்கார வேண்டும். டிரைவரும் நாற்பது நிமிடம் உட்கார்ந்தார். அழுத்தம் உண்மையிலேயே இறங்கியது.

மூன்றாவது வாரம் முட்டிக்குக் கீழே வெளிப்பக்கத்திலிருந்து பாதத்தின் மேல்பகுதி வரை யாரோ சூடான கம்பியால் கோடு இழுத்ததுபோல் வலித்தது. மாஸ்டரிடம் சொன்னார்.

“அது வலியில்ல. பழைய கழிவு. போகும்போது சத்தம் போடத்தான் செய்யும்.”

அடுத்த மாதம் வலி போயிற்று. பாதத்தின் மேல்பகுதியில் உணர்ச்சியும் அதோடு போயிற்று. கழிவு முழுக்க வெளியேறிவிட்டதாக மாஸ்டர் வாழ்த்தினார்.

வீட்டில் அவர் மனைவி தையல் மிஷினில் குனிந்தபடியே ஒருநாள் சொன்னார்:

“என்னங்க, உங்க நடை சத்தம் மாறிருச்சு. இடது கால் நடக்குது. வலது கால் விழுது.”

“உன் மிஷின் சத்தமா இருக்கும்.”

“மிஷின நிறுத்திட்டுத்தான் கேட்டேன்.”

“அழுத்தம் எவ்வளவு குறைஞ்சிருக்கு தெரியுமா?”

“தெரியும். தெருவுல எல்லாருக்கும் தெரியும். டாக்டர்கிட்ட காலக் காட்டுங்க.”

“காட்டினா வண்டியப் புடுங்கிருவாங்க.”

அவர் மனைவி நூலை அறுத்தார். மிஷினை மறுபடி ஓட்டவில்லை.

புதன்கிழமை சந்தை நிறுத்தத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கில் வைத்தார். வைத்ததாக நினைத்தார். பாதம் எழும்பவில்லை, விரல் நுனி பிரேக்கின் விளிம்பில் இடறி நின்றது. இடது காலைக் குறுக்கே நீட்டி மிதித்தார். வண்டி கோட்டைத் தாண்டி, சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அந்தப் பெண் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். திட்டக்கூட இல்லை. உள்ளே நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, அவள் சார்பிலும் சேர்த்துத் திட்டினார்கள்.

கண்டக்டர் முன்னால் வந்தார். டிரைவரின் முகத்தைப் பார்த்தார். எந்த நக்கலும் செய்யாமல் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை டயர் கொட்டகையில், எல்லோரும் அவரைப் பார்த்து வஜ்ராசனம் போட முப்பது பாய்கள் விரித்திருந்தார்கள். மேலாளர் இருபது நிமிடம் பேசினார். அதில் பத்தொன்பது நிமிடம் இந்த விழா யோசனை தனக்கு எப்படித் தோன்றியது என்பது பற்றி. டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் அழுத்தம் பார்த்து, எண்ணைச் சொன்னார். கைதட்டினார்கள். மேசைமேல் தகுதிச் சான்று தயாராக இருந்தது. டாக்டர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். டிரைவர் தன் பெயருக்கு நேரே ஒரு கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம் ஸ்டியரிங் அவருடையது.

பேனாவைத் திறந்தார். மூடினார்.

“சார், எனக்குக் கால் தூக்க வரல.”

“தூக்க வேணாங்க. வஜ்ராசனத்துல உக்காந்து காட்டினாப் போதும்” என்றார் மேலாளர், மைக்கிலேயே.

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினார். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, “இப்ப பாதத்த மேல தூக்கறேன், பாருங்க” என்றார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் நெற்றி நரம்பு புடைத்தது. கழுத்து இறுகியது. பாதம் மட்டும் அது வேறு யாருடையதோ என்பதுபோல் அப்படியே கிடந்தது.

முன்வரிசையில் இருந்த மாஸ்டர் எழுந்தார். “பதற வேணாம். சூட்சும நிலையில அது மேல போய்க்கிட்டுதான் இருக்கு.”

“பஸ்ஸுக்கும் சூட்சும பிரேக் ஒண்ணு வெச்சுக் குடுத்திருங்க மாஸ்டர்” என்றார் கண்டக்டர். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவர் கண்ணே கலங்கியிருந்தது.

“புதன்கிழமை ஒரு பொம்பள மேல வண்டிய ஏத்தியிருப்பேன்” என்றார் டிரைவர். “அவங்க பேரு தெரியாது. வேற யார்கிட்ட சொல்றதுன்னும் தெரியல. அதான் இங்க சொல்றேன்.”

டாக்டர் குனிந்து பாதத்தைத் தொட்டார், கிள்ளினார், முட்டிக்குக் கீழே அழுத்தினார். மண்டியிட்டு உட்கார்ந்ததில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆறு மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று சன்னமான குரலில் சொன்னார். பிறகு தான் கையெழுத்திட்ட சான்றை யாரும் கேட்காமலே நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மேலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பாய்களைச் சுருட்டச் சொன்னார்.

மறுநாள் அந்த வண்டியை வேறொருவர் ஓட்டினார். குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.