முன்னறை பீரோ

தையல் மிஷினைச் சமையலறை மூலையில் வைத்துக்கொண்டு எத்தனை காலம்தான் தைப்பது? ஒரு வாடிக்கைக்காரி புதுச் சட்டையை முகர்ந்து பார்த்து, "வெங்காய வாசனை அடிக்குதுக்கா" என்று சொன்ன அன்றே மருமகள் முடிவு கட்டிவிட்டாள். தெருவைப் பார்த்த முன்னறை வேண்டும்.

அங்கே மாமியாரின் இரும்பு பீரோ மலை மாதிரி நின்றது.

அவள் அறையைக் கேட்டதும் கொழுந்தன் சிரித்தான். "ஜிம்முக்குப் போற நானே தள்ளிப் பார்த்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டேன். நீங்க தனியாளா நகர்த்திட்டா ரூம் உங்களுக்குத்தான் அண்ணி. வேணும்னா என் ரூம்லயே கொண்டாந்து வையுங்க!"

"பேச்சு மாறக் கூடாது."

"அம்மா சாட்சி."

"அது உங்கப்பா வச்ச இடம். அசையாது" என்றார் மாமியார்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும், பீரோவைக் காலி செய்துவிட்டுத் தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்தாள். டைல்ஸில் கீறல் விழாமலிருக்க, மாமனார் எப்போதோ ரப்பர் செருப்பை வெட்டி நான்கு காலுக்கும் கொடுத்திருந்தார். பாரம் அழுத்த அழுத்த, ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டிருந்தது. வீட்டு ஆம்பிளைகள் இத்தனை வருஷம் மல்லுக்கட்டியது ஒரு ஜோடிச் செருப்போடு!

கடப்பாரையால் ஒவ்வொரு காலாக நெம்பி, ரப்பரை உருவிவிட்டுப் பழைய கம்பளியைச் சொருகினாள்.

லீவில் இருந்த கணவன் எட்டிப் பார்த்தான். "நான் ஒரு கை பிடிக்கவா?"

"தொட்டீங்க, கொன்னுடுவேன். தனியாளான்னுதான் பேச்சு."

குனிந்து, தாழ்வாகத் தோள் கொடுத்து, காலைச் சுவரில் ஊன்றினாள். பீரோ முனகியது. அடம்பிடித்தது. சட்டென்று வழுக்கியது. அதன்பிறகு அவ்வளவு பலம் தேவைப்படவில்லை.

கூடத்தில், வழியை மறித்து நாற்காலியில் மாமியார். "நில்லுடி!"

"நின்னா மறுபடி கிளப்புறதுதான் கஷ்டம், அத்தை. நான் நிக்க மாட்டேன். நீங்க நகருங்க."

பீரோ நெருங்கியது. மாமியார் மருமகளின் முகத்தைப் பார்த்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். போய் இளையவனின் அறைக் கதவை விரியத் திறந்து வைத்தார்.

"கதவுல இடிக்காம தள்ளு."

சாயங்காலம் அங்கிருந்து அலறல் கேட்டது. "அம்மா! நான் எங்க படுக்கிறது?"

முன்னறையில் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பவே இல்லை. "தள்ளிப் பாருடா, முடிஞ்சா."

முடியாது. கம்பளியை எடுத்துவிட்டு, நான்கு ரப்பரையும் அண்ணி பத்திரமாகத் திரும்பச் சொருகியிருந்தாள்.