ஆறாவது மீட்டரில்

செங்கல்பட்டில் ஒரு கிளை திறக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் ஜாக்குலின்தான். ஆகவே சென்னை அலுவலகம் ஒருநாள் "சரி, நீயே போய் நடத்து" என்றபோது பின்வாங்க அவளுக்கு வழியில்லை. அது மண் பரிசோதனை நிறுவனம். கட்டடம் எழுப்புமுன் நிலத்தில் துளையிட்டு, எந்த ஆழத்தில் என்ன மண் இருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதித் தருவார்கள். ஜாக்குலின் அங்கே பதினாலு வருஷமாக எஞ்சினியர்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், முன்பு கம்ப்யூட்டர் சென்டர் நடந்த ஒரு கீழ்த்தளம் வாடகைக்குக் கிடைத்தது. சுவரில் ஒட்டியிருந்த பாடப் பட்டியலைச் சுரண்டி எடுப்பதில் கிளையின் வேலை தொடங்கியது. அந்த வாரமே அலுவலக வேலைக்கென்று வரலட்சுமி வந்தாள். வயது முப்பதுக்குள் இருக்கும். வீடு சிங்கப்பெருமாள் கோயிலில். மறைமலைநகரில் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் இருந்து, ஒப்பந்தம் முடிந்து நின்றவள்.

"அங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று ஜாக்குலின் கேட்டாள்.

"போல்ட்டு செக்கிங் மேடம். மரை சரியா கீதான்னு பாத்து, தப்பா இருந்தா ஒதுக்கி வெக்கணும்."

"நிறைய ஒதுக்கினா சூப்பர்வைசர் திட்ட மாட்டாரா?"

"திட்டுவாரு. எடுத்து அவரு கையிலயே குடுத்துடுவேன். நீங்களே பாருங்க சார்னு."

ஜாக்குலின் அவளைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டாள்.

முதல் வேலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகிற வழியில். ஓர் அறக்கட்டளை அங்கே இரண்டு மாடியில் டயாலிசிஸ் மையம் கட்டப்போகிறது. அதைக் கவனித்துக்கொண்டிருந்த கிரிதர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். "வாரத்துல மூணு நாள் நோயாளிங்க பஸ் ஏறி செங்கல்பட்டுக்கு வந்து போறாங்க மேடம். சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

துளையிடும் வேலையைத் திருக்கழுக்குன்றத்துச் சின்னராசுவிடம் ஒப்படைத்தாள். துளைமேல் நிறுத்தும் உயரமான முக்காலி, இரும்புக் கம்பிகள், நாலு ஆட்கள் என்று சொந்தமாகக் குழு வைத்திருந்தார். துளை ஒன்றரை மீட்டர் இறங்கும்போதெல்லாம் அதன் அடியில் ஒரு குழாயை வைத்து, கனத்த இரும்புச் சம்மட்டியை அதன்மேல் விழவிடுவார்கள். குழாய் ஒரு அடி இறங்க எத்தனை தட்டு என்று எண்ணி எழுத வேண்டும். தட்டு அதிகமென்றால் மண் கெட்டி, குறைந்தால் இளக்கம். குழாய்க்குள் ஏறிய மண்ணைப் பையில் கட்டி அனுப்புவார்கள்.

முதல் நாள் ஜாக்குலினால் போக முடியவில்லை. மின் இணைப்புக்கு ஆள் வந்தார். மண்ணை உலர்த்தும் அடுப்பு லாரியில் வந்து இறங்கியது. இரண்டாம் நாளும் இப்படியே ஆகும் என்று தெரிந்ததும், வரலட்சுமிக்கு எண்ணுகிற முறையைச் சொல்லிக்கொடுத்து, கையில் ஒரு நோட்டைத் தந்து அனுப்பினாள்.

மாலையில் இரண்டு நாள் கணக்கையும் மேசையில் விரித்தாள். முதல் துளையில் ஆறாவது மீட்டரில் இருபத்திரண்டு தட்டு. அது சின்னராசு எழுதியது. இரண்டாவது துளையில் அதே ஆழத்தில் மூன்று. அது வரலட்சுமி எழுதியது. இரண்டு துளைக்கும் நடுவே பதினைந்து மீட்டர்தான்.

"சரியா எண்ணினீங்களா?"

"மூணுதான் மேடம். விரலை மடக்கிகினு எண்ணுனேன்."

இரண்டாம் நாள் மண் பைகள் இன்னும் வந்து சேரவில்லை. முதல் நாள் வந்த பைகளை ஜாக்குலின் பிரித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் மணல். பையில் மணலை அள்ளிப் போட்டுக் கட்ட எவ்வளவு நேரமாகும்? நாலு வருஷத்துக்கு முன் வேறொரு குழு மரத்தடியில் உட்கார்ந்தபடியே எழுதித் தந்த எண்களை நம்பி அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதை வைத்துக் கட்டிய சுற்றுச்சுவர் ஒரு மழைக்காலத்தில் இறங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் அந்த விரிசல் அவள் கண்ணை விட்டுப் போகவேயில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வரலட்சுமியோடு இடத்துக்குப் போய் நின்றாள். முதல் துளைக்கு ஒரு மீட்டர் தள்ளிக் குச்சி நட்டாள்.

"இன்னா மேடம், போட்ட எடத்துலயே மறுபடியுமா?" என்றார் சின்னராசு.

"ஆமா. நானே நின்னு எண்ணணும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு கணம் இறுகியது. ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். முக்காலி நகர்ந்தது. பதினொரு மணி வரை கம்பி இறங்கிக்கொண்டே இருந்தது. ஆறாவது மீட்டர் வந்தது. ஜாக்குலின் உரக்க எண்ணினாள். பத்தைத் தாண்டியது, பதினைந்தைத் தாண்டியது. இருபத்திமூன்றில்தான் குழாய் ஒரு அடி இறங்கியது. பிரித்தால் உள்ளே மணல், இறுகிப் பிடித்த பழுப்பு மணல்.

ஜாக்குலினுக்குக் காது சுட்டது. நாலு ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னாள். "அண்ணா, உங்க மேல சந்தேகப்பட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க."

சின்னராசு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"அத்த வுடுங்க மேடம். இப்போ அந்தப் பொண்ணு எண்ணுனத பொய்யின்னு அடிச்சிடாதீங்க. நானும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். மூணு தட்டுல வழுக்கிகினு எறங்கிச்சு. கறுப்பு சேறு. எனக்கே பேஜாராப் போச்சு, இன்னாடா இதுன்னு."

"அப்போ நேத்தே ஏன் சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லியே மேடம். பொண்ணு கையில நோட்ட குடுத்து அனுப்புனீங்க. எழுதறது அவங்க வேலைன்னு இருந்துட்டேன்."

இரண்டு கணக்கும் சரி என்றால், பதினைந்து மீட்டருக்குள் நிலம் மாறுகிறது. ஜாக்குலின் வரைபடத்தை வண்டியின் மேல் விரித்தாள். மேற்கே பக்கிங்காம் கால்வாய். என்றைக்கோ அந்தப் பக்கமிருந்து ஒரு ஓடை இந்த வழியாகக் கடலுக்குப் போயிருக்க வேண்டும். பிறகு மணல் மூடியிருக்கிறது. அந்தச் சேற்றின் விளிம்பு கட்டடத்துக்கு நடுவே போனால், ஒரு பாதி அப்படியே நிற்கும், மறுபாதி இறங்கும். சுவர் பிளந்துவிடும்.

"விளிம்பு எங்கன்னு கண்டுபிடிக்கணும் அண்ணா. எப்படிப் போகலாம்?"

இந்த முறை கேட்டாள். அவர் யோசித்தார். மண்ணை வெளியே எடுக்க வேண்டியதில்லை, கம்பி நுனியில் கூம்பை மாட்டி அடித்துக்கொண்டே போனால் ஒரு நாளைக்கு நாலு இடம் பார்க்கலாம் என்றார். அப்படியே செய்தார்கள். இரண்டு நாள். சின்னராசுவும் வரலட்சுமியும் சேர்ந்தே எண்ணினார்கள். அவர் வாய்விட்டு, அவள் விரல்விட்டு. எண்ணிக்கை ஒரே ஒரு தடவை ஒத்துப்போகவில்லை. அப்போது இரண்டு பேரும் சண்டை போட்டு, அந்த இடத்தில் மறுபடி அடித்தார்கள். கடைசியில் கோணலாக ஒரு கோடு கிடைத்தது. கட்டடத்தின் தெற்குப் பாதி சேற்றின் மேல்.

கிரிதர் வந்ததும் ஜாக்குலின் கோட்டைக் காட்டினாள். "வடக்கே இருபது மீட்டர் தள்ளினா முழுக்கட்டடமும் நல்ல மணல்ல நிக்கும் சார். இந்தப் பக்கம் வண்டி நிறுத்த வெச்சுக்கலாம்."

"பூமி பூஜை போட்டாச்சு. வரைபடத்த மாத்தினா அனுமதிக்கு மறுபடி அலையணும் மேடம். ரெண்டு மாசம் போயிடும்."

வரலட்சுமி ஒரு பையைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்க சார்."

கிரிதர் கறுப்புச் சேற்றை உள்ளங்கையில் வைத்து மூடினார். அது விரலிடுக்கில் பிதுங்கி வந்தது. "எழுதிக் குடுங்க. டிரஸ்டுல நான் பேசறேன்" என்றார்.

பேசினார். மூன்று வாரத்தில் புது வரைபடம் வந்தது. இரண்டு மாசம் என்று பயந்த அனுமதி ஐந்தே வாரத்தில் கிடைத்தது. அஸ்திவாரம் தோண்டிய அன்று அவர் அனுப்பிய போட்டோவில் பழுப்பு மணலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அதற்கு முன்பே கிளையின் முதல் அறிக்கை அச்சாகியிருந்தது. வழக்கமாக அதில் எஞ்சினியர் பெயர் மட்டும்தான் இருக்கும். ஜாக்குலின் இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். துளையிட்டவர், எண்ணியவர். சென்னையில் இதெல்லாம் எதற்கு என்றார்கள். இங்கே இப்படித்தான் என்று சொல்லிவிட்டாள். கையெழுத்துப் போட வந்த சின்னராசு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினார்.

"இத்தினி வருசமா தோண்டிகினு கீறேன். இந்தப் புஸ்தகத்த இப்போதான் பாக்கறேன் மேடம்."

பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் தமிழில் நிறுத்தி எழுதினார். கீழே வரலட்சுமி போட்டாள். அதற்குள் போன் அடித்தது. மதுராந்தகத்தில் நெல் கிடங்கு ஒன்று கட்டுகிறார்களாம், ஏரிப் பக்கம். எப்போது வர முடியும் என்று கேட்டார்கள். ஜாக்குலின் போனைக் கையால் பொத்திக்கொண்டு சின்னராசுவைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை போலாம் மேடம். கம்பியெல்லாம் கழுவணும்."

"வியாழக்கிழமை வரோம்," என்றாள் ஜாக்குலின் போனில். "மூணு பேரும்."