மாடியில் யார் துடைப்பம் வாங்குவார்கள்

முன்பெல்லாம் ஒரு கட்டடத்தை இடிப்பதென்றால் இடித்துவிட்டுத்தான் சொல்வார்கள். நாமும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வேறு இடம் பார்ப்போம். இப்போது அப்படியில்லை. கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள், டீ கொடுக்கிறார்கள், "உங்க கருத்து என்ன?" என்று பல்லெல்லாம் தெரியக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு அப்புறம் இடிக்கிறார்கள். இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் நேராகப் பிடுங்கத் தெரியாது. நம் கையாலேயே எடுத்துக் கொடுக்க வைத்து, போகும்போது நன்றியும் சொல்ல வைத்துவிடுவார்கள்.

எங்கள் கடை நகரத்தின் நட்டநடுவில், பஸ்கள் திரும்புகிற பெரிய சாலையில் இருக்கிறது. ஒரே நீளமாகப் போகிற பழைய மாடிக் கட்டடம். கீழே வரிசையாகக் கடைகள், மேலே ஒரு தையல்காரரும் சில பூட்டிய அறைகளும். வாளி, துடைப்பம், ஏணி, பிளாஸ்டிக் நாற்காலி, துணி காயப்போடும் கயிறு, இவைதான் எங்கள் சரக்கு. கடைக்குள் இருப்பது பாதிதான். மீதி வெளியே தொங்கும், சாய்ந்திருக்கும், நடைபாதையில் குந்தியிருக்கும். காலையில் நானும் என் மனைவியும் அதையெல்லாம் வெளியே எடுத்து வைக்கும்போது பேசிக்கொள்ள மாட்டோம். பேசினால் சண்டை வரும்.

சுற்றிலும் ஊர் வளர்ந்துவிட்டது. எங்கள் கட்டடம் மட்டும் நெட்டை ஆட்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட குட்டை ஆள் மாதிரி நிற்கிறது. ஒரு கம்பெனி வந்தது. இதை இடித்துவிட்டு உயரமாகக் கட்டுவார்களாம். தரைத்தளத்தில் பெரிய பெரிய கடைகள், மேலே அலுவலகங்கள், வீடுகள். எங்களைப் போன்ற பழைய கடைக்காரர்களுக்கு இரண்டாம் மாடியில் இடம். கடைக்காரர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால்தான் நகராட்சி அனுமதி தரும். எங்களில் சரிபாதிப் பேர் சரி என்றார்கள், சரிபாதிப் பேர் முடியாது என்றார்கள். நான் முடியாது கட்சி. கட்சி என்ன, அதற்குத் தலைவரே நான்தான். கடை கடையாக ஏறி இறங்கித் தொண்டை கட்டும்வரை பேசினேன்.

வீட்டிலும் பேசினேன். "இடம் போச்சுன்னா நாம நடுத்தெருவுல நிக்கணும், தெரியுதா?" என்றேன். அவள் "ம்" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடை அவள் பெயரில் இருக்கிறது. வாங்குகிற சமயத்தில் என் அண்ணன் தம்பிகள் பங்கு கேட்டு வருவார்கள் என்று எனக்குச் சந்தேகம். அவள் பெயரில் எழுதிவிட்டேன். உலகத்தில் எவனையும் நம்பாதவன் அவளை மட்டும் நம்பினேன். அதற்குப் பிறகு அந்த விஷயம் எங்கள் இருவருக்கும் மறந்தே போய்விட்டது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நகராட்சி மண்டபத்தில் கூட்டம். நடு மேசையில் அட்டையில் செய்த புதுக் கட்டடம், தீப்பெட்டி உயரத்தில் மரங்கள், எறும்பளவு மனிதர்கள். அந்தக் கட்டடத்துக்குப் படம் வரைந்த இளைஞன் பக்கத்தில் நின்றான். அவன் வரைந்தது எல்லாம் கண்ணாடியாக இருந்ததால் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர் வைத்துவிட்டேன். சட்டை மடிப்புக் கலையாத கம்பெனிக்காரர் ஒருவர். நகராட்சி சார்பில் ஒரு அதிகாரி அம்மா தலைமை. என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் எல்லோரையும் கண்காணிக்கலாம் என்று பின்னால் நின்றேன்.

நகரும் படிக்கட்டைப் பற்றிக் கண்ணாடி உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துப்பா! நாங்க யாரும் மாடிக்கு வர்றதா இல்ல. இடிக்கவும் விடமாட்டோம்!"

அதிகாரி அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, நீங்க எந்தக் கடை?"

"வாளிக் கடை."

அவர் பக்கத்தில் இருந்த குமாஸ்தா பதிவேட்டைப் பார்த்துவிட்டு அவர் காதில் சொன்னார். அதிகாரி அம்மா மறுபடி என்னிடம் திரும்பினார். "அது ஒரு அம்மா பேர்ல இருக்கே. உரிமையாளர்தான் பேசலாம். நீங்க அங்க என்னவா இருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தையல்காரர் முந்திக்கொண்டார். "சம்பளமில்லாம வேலை பாக்கறார் மேடம்!"

மண்டபமே சிரித்தது. "அண்ணே, அண்ணிகிட்ட அனுமதி வாங்கிட்டுப் பேசுங்க" என்று வேறு சொன்னார். அவர் கத்தரிக்கோலை நான் இரவல் வாங்கித் திருப்பித் தராத கோபம்.

என் மனைவி எழுந்தாள். சரி, நம் ஆள் பேசப்போகிறது, கிழித்துத் தோரணம் கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

"இடிச்சுத்தான் ஆகணும்" என்றாள்.

கட்டின கை தானாக அவிழ்ந்தது.

"கூரை ஒழுகுது. போன மழையில பெயர்ந்து விழுந்த காரை என் தோள் மேல பட்டுது. ஒழுகுற இடத்துல எல்லாம் வாளி வைக்கிறோம். வாளிக் கடையா இருக்கறதால தப்பிச்சோம். துணிக் கடைக்காரர் என்ன பண்ணுவார்? இந்தக் கட்டடத்தோட காலம் முடிஞ்சுபோச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும். ஒத்துக்க மாட்டார்."

"ஏய்!" என்றேன்.

"உக்காருங்க" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். உட்கார நாற்காலி இல்லை. ஆனாலும் உட்காரப் போனேன்.

கம்பெனிக்காரர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றிம்மா. இப்படி எல்லாரும் புரிஞ்சுகிட்டா..."

"இருங்க. நான் இன்னும் முடிக்கல. மாடிக்கு நாங்க வரமாட்டோம்."

"ஏம்மா? மேல நல்லா வெளிச்சம், ஏசி..."

"மாடி ஏறி வந்து யாருங்க துடைப்பம் வாங்குவாங்க? வீட்டுல இருந்து கிளம்பறப்ப யாருக்கும் துடைப்பம் ஞாபகம் வராது. எங்க கடை வாசல்ல கால்ல இடிச்சாத்தான் ஞாபகம் வரும். கீழ போடப்போற பெரிய கடைக்கு ஊரெல்லாம் பேர் இருக்கு. அவங்களைத் தேடிக்கிட்டு எத்தனை மாடின்னாலும் ஏறுவாங்க. அதுக்குத்தானே நகரும் படிக்கட்டு? அவங்க மேல போகட்டும். நாங்க கீழ, சாலையைப் பாத்து. முன்னால கண்ணாடி வேண்டாம். சரக்கு தொங்கவிட மேல கூரை போட்ட இடம் ஒவ்வொரு கடைக்கும் வேணும்."

"அது முடியாதும்மா. தரைத்தளம் பெரிய கடைகளுக்குன்னு பேசி முடிச்சாச்சு."

"அப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்து என்ன செய்தாள் என்றால், எல்லோரும் குடித்துவிட்டு வைத்திருந்த டீ கப்புகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை நான் கடையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். விலையைச் சொல்வாள், வந்தவர் குறைக்கச் சொல்வார், "கட்டாதுங்க" என்பாள். அப்புறம் அந்த ஆள் அங்கே இல்லாத மாதிரி வாளிகளுக்கு மூடி பொருத்திக்கொண்டிருப்பாள். அந்த அமைதியை யாராலும் தாங்க முடியாது. போகவும் மனசு வராது. நானே அதில் மாட்டிக்கொண்டுதான் ஒரு கல்யாணத்துக்குப் போக வெள்ளைச் சட்டை போட மாட்டேன் என்றவன் போட்டேன்.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அவள் கை அது பாட்டுக்கு அடுக்கிக்கொண்டிருந்தது.

கம்பெனிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பின்பக்கச் சந்துல வேணும்னா தரைத்தளம் தரலாம்."

"சந்துல பூனைதான் வரும்" என்றாள். அடுத்த கப்.

அவர் கண்ணாடிப் பையனைப் பார்த்தார், அதிகாரி அம்மாவைப் பார்த்தார். 'சரி' கட்சிக்காரர்களைப் பார்த்தார். அவர்களும் என் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை தூக்காவிட்டால் காரியம் நடக்காது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி தொண்டையைச் செருமினான்.

"சார், முதல்ல நான் வரைஞ்சது இதுதான். முன்னால திறந்த கடைகள், மேல நிழல். நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க."

அப்போதுதான் அந்தப் பயல் மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது.

கம்பெனிக்காரர் வெளியே போய் போனில் பேசினார். கதவுக் கண்ணாடி வழியாக அவர் கையை ஆட்டுவதும் நெற்றியைத் துடைப்பதும் தெரிந்தது. திரும்பி வந்தவர் நின்றபடியே சொன்னார். சாலையைப் பார்த்த தரைத்தளம் முழுக்கப் பழைய கடைக்காரர்களுக்கு. கூரை போட்ட முன்பகுதி உண்டு. பெரிய கடை முதல் மாடிக்கு.

"மாடியில இருக்கற தையல்காரருக்கு?" என்றாள்.

"எனக்கு மாடியே போதும் அண்ணி" என்றார் தையல்காரர். "கிழிஞ்சுபோன பேண்ட்டைக் கையில வச்சுக்கிட்டு வர்றவன் எத்தனை மாடின்னாலும் ஏறி வருவான்."

"இதையெல்லாம் இப்பவே எழுதுங்கம்மா. எழுதி வாசிங்க" என்றாள் அதிகாரியிடம். அவர் எழுத வைத்து, எழுந்து நின்று வாசித்தார். அதற்குப் பிறகுதான் என் மனைவி கையைத் தூக்கினாள். அந்தக் கை முழுதாக மேலே போகுமுன் பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் கை, அதற்கடுத்துத் துணிக் கடைக்காரர் கை. இரண்டு பேரும் என் கட்சி. மண்டபத்தில் தூக்காமல் இருந்த ஒரே கை என்னுடையது. அதைத் தூக்கினாலும் யாரும் எண்ணப்போவதில்லை.

கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஆனால் மார்பு விம்மிச் சட்டைப் பொத்தான் இழுத்ததை மறைத்து எழுத மாட்டேன். வெளியே போகிற நெரிசலில் முன்பின் தெரியாத ஒருத்தர் என் தோளைத் தொட்டு, "அந்த அம்மா உங்க சம்சாரமா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் இன்னொரு தடவை, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "ஆமாங்க, என் சம்சாரந்தான்" என்றேன்.

அவளைச் சுற்றி ஒரே கூட்டம். கடிகாரக் கடைக்காரர் அவளை "தலைவி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, கோவமா?"

"வீட்டுல சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விடிய விடியப் பேசுவீங்க. எனக்குத் தூக்கம் போயிருக்கும்."

"நல்லாத்தான் பேசின" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. அவள் முந்தானையை ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ஆனா இவங்க கட்டமாட்டாங்க. கட்டினாலும் சொன்னபடி கட்டமாட்டாங்க" என்றேன்.

"எழுதி வாசிச்சாங்களே!"

"வாசிச்சாங்க. கட்டி முடிக்கிறவரைக்கும் நாம எங்க கடை போடறது? அதை யாராவது வாசிச்சாங்களா?"

"அதுக்கு அடுத்த கூட்டம் இருக்கு. இப்பவே நாள் குறிச்சுட்டு வர்றேன்" என்று மறுபடியும் உள்ளே போனாள். அங்கே கம்பெனிக்காரர் அவளைப் பார்த்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார். தப்பிக்க முடியவில்லை.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடிப் பையன் அட்டைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "ஐயா, இருங்க. புதுசா எப்படி வரும்னு இப்பவே ஒட்டிக் காட்டறேன்" என்றான்.

"அட்டையில நல்லாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு நான் படியிறங்கினேன்.